மோதிரம் தேடிய தோள்

பனியனுக்குள் தலை மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து பிரபாவதி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, ஆபீஸ் பஸ் வந்துடும். உள்ள என்ன பண்றீங்க?"

ஜானகிராமன் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இடது கை ஒழுங்காக வெளியே வந்துவிட்டது. தலை பாதி வந்திருந்தது. வலது கைதான் காது உயரத்தில் நின்றுகொண்டு, மேலேயும் போக மாட்டேன், கீழேயும் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. கொஞ்சம் அசைத்தால் தோளுக்குள் யாரோ திருகாணி முடுக்குவது போல வலி.

"தலை துவட்டுறேன்," என்றார் பனியனுக்குள்ளிருந்து.

"குரல் ஏன் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"வாயில சோப்பு போயிடுச்சு!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். 'டர்ர்' என்று பனியன் கிழிந்தது. கை விடுதலையானது. கிழிசல் தெரியாமல் மேலே சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக வெளியே வந்தார்.

அவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய அதிகாரி. எந்தக் குழாயில், எந்த இணைப்பில், எப்போது விரிசல் விழும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் வேலை. அதற்காக ஜெர்மனிக்கெல்லாம் போய் வந்தவர். அப்பேர்ப்பட்டவருக்குத் தன்னுடைய தோள் இணைப்பு இறுகிப்போகும் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது. முதலில் இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அப்புறம் பேண்ட்டின் பின் பையிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை. பர்ஸ் சட்டைப் பைக்குக் குடியேறியது. பிறகு தலை வார முடியவில்லை. கையைச் சீப்பிடம் கொண்டு போவதற்குப் பதில் தலையைச் சாய்த்துச் சீப்பிடம் கொண்டு போகப் பழகிக்கொண்டார். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவர் மேல் நம்பிக்கையோடு சாய்ந்துகொண்டார்.

மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரே காரணம், அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்த அவர் மைத்துனர் சுப்பிரமணி.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கால் பிசகியபோது, தங்கை போட்ட ஒரே போனில் சுப்பிரமணி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அந்த ஆள் உளுந்து மாவையும் முட்டையையும் குழைத்து, காலில் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிட்டார். சித்திரை வெயில். இரண்டாம் நாளே கட்டு கமழ ஆரம்பித்தது. ஆபீஸ் பஸ்ஸில் ஜானகிராமன் உட்கார்ந்த வரிசை காலியாகும். பிறகு முன் வரிசை. பிறகு பின் வரிசை. அவர்கள் குடியிருந்த அணுபுரத்து நாய்கள் எல்லாம் அவருக்கு நண்பர்கள் ஆயின. தோள் வலி என்று இப்போது வாய் திறந்தால் கட்டு தோளில் விழும். தோள், மூக்குக்கு ரொம்பப் பக்கம்.

ஆகவே, ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, செங்கல்பட்டில் வசுமதி என்ற பிசியோதெரபிஸ்ட்டைப் போய்ப் பார்த்தார்.

சின்ன வயசுப் பெண். கையை முன்னே தூக்கச் சொன்னாள், பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள், முதுகுக்குப் பின்னால் கொண்டு போகச் சொன்னாள். மூன்றாவதில் ஜானகிராமன் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக் கூப்பிட்டேவிட்டார்.

"ஃப்ரோசன் ஷோல்டர் சார்," என்றாள் வசுமதி. "தோள்மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அது தடிச்சு, சுருங்கிப் போச்சு. துவைச்சுச் சுருங்கின தலையணை உறைக்குள்ள பழைய தலையணையைத் திணிச்சா எப்படி இருக்கும்? அந்த மாதிரி."

"கட்டுப் போட்டா சரியாயிடுமா?"

"ஐயையோ! கட்டுப் போட்டு அசைக்காம வெச்சீங்கன்னா இருக்கிற அசைவும் போயிடும். வலிக்குதுன்னு கையை மடக்கி வெச்சுக்கவும் கூடாது, முரட்டுத்தனமா இழுக்கவும் கூடாது. வலி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடணும். தினமும் விடாம செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா இளகும். மாசக்கணக்குல ஆகும், பொறுமை வேணும்."

அவள் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தாள். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு, சின்னச் சின்ன வட்டம் போட வேண்டும். சுவரை ஒட்டி நின்று விரல்களைச் சிலந்தி போல மேலே ஏற்ற வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

"சுகர் டெஸ்ட் பண்ணிடுங்க சார். சுகர் இருக்கிறவங்களுக்கு இது அதிகம் வரும். நாப்பதுக்கு மேல யாருக்கு வேணா வரலாம். ஆம்பளைங்களை விட லேடீஸுக்குத்தான் ஜாஸ்தி."

கடைசி வாக்கியம் ஜானகிராமனுக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. வியாதியாவது ஆண் வியாதியாக வந்திருக்கக் கூடாதா?

பயிற்சி கிடைத்துவிட்டது. செய்ய இடம்தான் கிடைக்கவில்லை. மகன் ஆதித்யா திருச்சியில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஆனாலும் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே பிரபாவதி வந்தாள். ஒரு மாலை அவள் சமையலறையில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் கூடத்துச் சுவரில் விரலை ஏற்ற ஆரம்பித்தார். கழுத்து உயரம் வந்திருக்கும்.

"சுவத்துல என்ன?"

"பல்லி," என்றார் ஜானகிராமன். "இப்பதான் மேல போச்சு."

பிரபாவதி துடைப்பத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "அடிங்க."

துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்குவதா? அவர் அதை மரியாதையாக அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "நீதான் குறி பார்த்து அடிப்பே."

அவள் துடைப்பத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "வாயில்லா ஜீவன். போகட்டும் விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பல்லி என்ற சொல் காதில் விழுந்தாலே புடவையைச் செருகிக்கொண்டு, இடக்கையில் துடைப்பத்தோடு கிளம்புகிறவள். வயசு ஆக ஆக மனசு கனிகிறது என்று ஜானகிராமன் நினைத்துக்கொண்டார். நிறைய விஷயங்களில் அவள் மாறித்தான் போயிருந்தாள். இத்தனை வருஷம் தானே பின்னிக்கொண்ட ஜடையை இப்போது எதிர்வீட்டு ஜோதிலட்சுமியிடம் போய்ப் பின்னிக்கொண்டு வந்தாள். கேட்டால், "அவ கைவாகு நல்லா இருக்கு," என்றாள். இரவில் அவர் திருட்டுத்தனமாகத் தைலம் தேய்த்துக்கொண்டு, வீடெல்லாம் அடிக்கும் வாசனைக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து படுத்திருந்தால், "மூக்கு அடைச்சிருக்குங்க, ஒரு வாசனையும் தெரியல," என்று அவளாகவே சொன்னாள். கடவுள் சில சமயம் நல்லவர்களுக்கு இப்படி வழி விடுகிறார்.

வீடு சரிப்படாது என்று தெரிந்ததும், "வாக்கிங் போறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைச் சதுரங்கப்பட்டினத்துக்கு விட்டார்.

டச்சுக்காரன் கட்டிய கோட்டையின் இடிந்த சுவருக்குப் பின்னால் கடற்கரை. சாயங்காலம் படகுகள் மணலில் ஏறிக் கிடக்கும். ஆள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஜானகிராமன் ஒரு படகின் விளிம்பில் இடது கையை ஊன்றி, குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, மணலுக்கு மேல் வட்டம் போட்டார். கடல் காற்று. யாரும் இல்லை. முதல்முறையாகத் தோள் 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சு விட்டது.

"இன்னா சார், குனிஞ்சிகினு கீற? இன்னாத்த தொலைச்சிட்ட?"

நிமிர்ந்து பார்த்தால் எல்லம்மாள். தினமும் காலையில் அணுபுரத்தில் மீன் கொண்டுவந்து விற்கிறவள். நல்ல மனுஷிதான். ஆனால் அவள் காதில் விழுந்த சேதி, அவள் கூடை மீனுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடும். இவளிடம் தோள் வலி என்று சொன்னால் நாளைக் காலை பிரபாவதிக்குத் தெரியும். மத்தியானம் அச்சரப்பாக்கத்துக்குத் தெரியும். சாயங்காலம் உளுந்து மாவு வந்து இறங்கும்.

"மோதிரம்," என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான், மோதிரம் தன் வலது கை விரலிலேயே பளபளவென்று இருப்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று கையை மணலுக்குள் புதைத்துக்கொண்டார். தேடுவது போலக் கிளறியபடியே கட்டை விரலால் நெம்பி நெம்பிக் கழற்றினார்.

"அடப்பாவமே! பவுன் மோதிரமா?" எல்லம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். பிறகு வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "ஏய் துரை! எல்லாரும் இங்க ஓடியா! சார் மோதிரம் பூட்சாம்!"

"பரவாயில்ல எல்லம்மா, நானே..."

"இன்னா பரவால்ல? அம்மா வூட்ல போட்ட மோதிரமா?"

"ஆமா, கல்யாணத்துல..."

"கல்யாண மோதிரமாண்டா!" என்று அவள் கூவினாள். அவ்வளவுதான். வலை போட்டது போட்டபடி கிடக்க, துரையும் அவன் கூட்டாளிகளும் ஓடி வந்தார்கள். ஒருவன் இறால் சலிக்கிற சல்லடையைக் கொண்டுவந்து மணலைச் சலிக்க ஆரம்பித்தான். மோதிரத்தைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டிருந்த ஜானகிராமன், இருட்டும்வரை அவர்களோடு சேர்ந்து அதைத் தேடினார். போகும்போது துரை, "கவலப்படாத சார், நாளிக்கும் பாக்கலாம்," என்று ஆறுதல் சொல்லி அனுப்பினான். அவர் மோதிரத்தை ஸ்கூட்டர் டிக்கியில், பழைய துணிக்குள் சுருட்டி வைத்தார்.

மறுநாள் காலை அவர் காபியை வாயில் வைப்பதற்குள் பிரபாவதி வந்து முன்னால் நின்றாள். கையில் மத்தி மீன் பாத்திரம்.

"எல்லம்மா சொன்னா."

ஜானகிராமன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல? பயமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையாகவே பயம்தான்.

பிரபாவதி கிட்டே வந்தாள். "எங்கப்பா போட்ட மோதிரம்தான். போனா போகட்டும்ங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க," என்று சொல்லி, இடது கையை மெதுவாகத் தூக்கி, அவருடைய வலது தோளில் ஆறுதலாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஆ!" என்று அலறினார் ஜானகிராமன். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணிலும் நீர் நின்றது. ஒரு மோதிரத்துக்காக இருவரும் இப்படி எதிரெதிரே நின்று அழுதது அவர் நெஞ்சைப் பிசைந்தது. அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு நானும் வர்றேன்," என்றாள் பிரபாவதி. "ரெண்டு பேருமா தேடுவோம்."

வாய் மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து மாலையானால் ஸ்கூட்டரில் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். டிக்கிக்குள் மோதிரமும் கூடவே போய்க் கூடவே வந்தது. அவர் ஒரு படகைப் பிடித்துக்கொண்டு குனிந்து கையை ஆட்டினால், அவள் பக்கத்துப் படகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இடது கையால் மணலை அப்படியும் இப்படியும் அலசினாள். அவளுடைய சிரத்தையைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. இடுப்பு வலிக்கும் என்றுகூடப் பார்க்காமல் எப்படித் தேடுகிறாள், பாவம்!

"போதும் பிரபா, வா போகலாம்."

"கொஞ்ச நேரம் இருங்க, இந்தப் பக்கம் பாக்கல," என்பாள் அவள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை போன் மணி அடித்தது.

"மாப்பிள்ளே, நான் சுப்பிரமணி. எல்லாம் கேள்விப்பட்டேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. நம்மூர்ல மை போட்டுப் பாக்கிறவரு ஒருத்தரு கீறாரு. வெத்தலையில மை தடவிப் பாத்தாருன்னா, காணாப்போன மாடு எந்தத் தோப்புல மேயுதுன்னு சொல்லிடுவாரு. ஞாயித்துக்கிழமை இட்டாறேன்."

"அதெல்லாம் எதுக்கு மச்சான், நான் சயின்ஸ் படிச்சவன்..."

"சயின்ஸ்ல கெடைக்கலதானே? அதான்!"

ஜானகிராமனுக்கு மை மேல் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஆள் குத்துமதிப்பாக "வண்டிக்குள்ள கீது" என்று சொல்லித் தொலைத்துவிட்டால்? சனிக்கிழமையே மோதிரம் கிடைத்தாக வேண்டும் என்று தீர்மானித்தார்.

திட்டம் எளிமையானது. மோதிரத்தைத் தானே கண்டெடுப்பதைவிட, அவள் கண்டெடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! அவள் குனிந்திருக்கும்போது, பார்க்காத நேரமாக, அவள் காலடியில் விழுகிற மாதிரி எறிந்துவிட வேண்டும். வேகம், தூரம், கோணம் எல்லாவற்றையும் மனத்தில் கணக்குப் போட்டார்.

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. தோள்தான் சரியாக இல்லை. கையை வீசும்போது பாதி வழியில் 'சுரீர்' என்று பிடித்துக்கொண்டது. மோதிரம் பிரபாவதி பக்கம் போகாமல், பக்கவாட்டில் பறந்து, ஈர மணலில் எங்கோ விழுந்தது. அவர் "ஐயோ" என்று ஓடுவதற்குள் ஓர் அலை வந்து, விழுந்த இடத்தை நிதானமாகத் துடைத்துவிட்டுப் போனது.

"என்னங்க, எதுக்கு ஓடுறீங்க?"

"நண்டு," என்றார் ஜானகிராமன். வேறு என்ன சொல்வார்?

"நண்டா!" பிரபாவதி அலறிக்கொண்டு வந்து அவர் கையைக் கட்டிக்கொண்டாள். வருஷக்கணக்காக நண்டு வறுத்துப் போட்டவளுக்கு உயிரோடு இருக்கிற நண்டு என்றால் பயம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுப்பிரமணி சொன்னபடி மைக்காரரை அழைத்து வந்தார். கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலையில் மை தடவி, அதையே வெகு நேரம் உற்றுப் பார்த்தார் அவர்.

"பொருளு தண்ணியில இல்ல," என்றார். பிறகு மூக்கைச் சுருக்கினார். "மீன் வாசன அடிக்குது."

ஜானகிராமன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். மோதிரம் கடலில்தான் இருக்கிறது என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கடலுக்குப் பக்கத்தில் மீன் வாசனை அடிக்காமல் மல்லிகை வாசனையா அடிக்கும்?

"இன்னும் நல்லாப் பாருங்க சாமி," என்றார் சுப்பிரமணி.

"போதும்ணா," என்று பிரபாவதி அவசரமாக எழுந்தாள். "பாவம், வெயில்ல வந்திருக்காரு. டிபன் சாப்பிட்டுட்டுக் கெளம்பட்டும். நாங்களே தேடிக்கறோம்."

அதற்குப் பிறகு ஜானகிராமன் நிஜமாகவே தேடினார். முன்பு கையைச் சும்மா ஆட்டினார். இப்போது உயிரைக் கொடுத்து அலசினார். கோட்டைச் சுவர் இடுக்குகளில்கூட விரலை விட்டுப் பார்த்தார். அலை கொண்டுபோனது எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கியிருக்கலாம் அல்லவா? மேல் இடுக்கை எட்டுவதற்காக நாளுக்கு நாள் கொஞ்சம் உயரமாகக் கையை நீட்டினார். வலி தொடங்கினால் நிறுத்தினார். மறுநாள் மறுபடி நீட்டினார். பக்கத்தில் பிரபாவதியும் ஒரு சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இருட்ட ஆரம்பித்ததும் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்காருவார்கள். ஆதித்யா பிறந்த பிறகு இருவரும் இப்படித் தனியாக உட்கார்ந்து பேசியதாகவே அவருக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவள் மதுராந்தகத்தில் டைப்ரைட்டிங் படித்த கதையைச் சொன்னாள். மாஸ்டர் மேல் மிஷினைத் தூக்கிப் போடப் பார்த்தாளாம். அவர் ஜெர்மனியில் பாத்ரூமுக்குள் பூட்டிக்கொண்டு மொழி தெரியாமல் தவித்ததைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் சுண்டல் புரையேறியது. அவளுக்குத் தலையில் தட்டக் கையைத் தூக்கியவர், தட்டி முடித்த பிறகுதான் கவனித்தார். கை தலை உயரத்துக்குப் போயிருந்தது.

மறுநாள் ஆபீஸ் பஸ்ஸில், இறங்கும் இடம் வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று.

"முக்கால்வாசி வந்துடுச்சு சார்!" வசுமதிக்கே ஆச்சரியம். "என்ன பண்ணீங்க?"

"மோதிரம் தேடினேன்," என்றார் ஜானகிராமன்.

அவள் அது ஏதோ புதுப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டாள். "அதையே விடாம பண்ணுங்க," என்றாள். சர்க்கரையும் எல்லையில் நிற்பதாக ரிப்போர்ட் வந்திருந்தது. அவர் ஸ்வீட்டை விட்டுவிட்டதற்கு, மோதிரம் கிடைக்க வேண்டிக்கொண்டதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார். "நானும் விட்டுடறேன், வேண்டுதல்தானே," என்று பிரபாவதியும் உடனே விட்டிருந்தாள்.

தோள் சரியாகச் சரியாக மனசு கனத்தது. தான் எறிந்து தொலைத்த மோதிரத்தை, ஒரு பாவமும் அறியாத மனைவி அன்றாடம் குனிந்து குனிந்து தேடுகிறாள். இத்தனை பொய்க்குப் பிறகு உண்மையைச் சொல்லவும் வழி இல்லை. கல்யாண நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்காவது அந்தத் தேடலை முடித்துவைக்க வேண்டும்.

செங்கல்பட்டிலேயே ஒரு நகைக்கடையில், கல்யாணப் போட்டோவைக் காட்டி, அதே மாதிரி மோதிரம் ஒன்று செய்யச் சொன்னார். தாமரைப்பூ முகப்பு, பக்கத்தில் சின்னக் கோடு, எல்லாம் அச்சு அசலாக வந்தது. இந்த முறை எறிகிற வேலையெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்தார்.

கல்யாண நாளன்று பிரபாவதி கோயிலுக்குப் போயிருந்த காலை நேரத்தில், மீன் கூடையோடு வந்த எல்லம்மாளைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"எல்லம்மா, ஒரு உதவி பண்ணணும். யாருக்கும் தெரியக் கூடாது."

"இன்னா சார், சொல்லு."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மோதிரத்தை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். "சாயங்காலம் நானும் அம்மாவும் பீச்சுக்கு வருவோம். நீ அந்தப் படகுகிட்ட மணல்லேருந்து எடுக்கிற மாதிரி எடுத்து, 'கிடைச்சிடுச்சு'ன்னு அம்மா கையில குடுக்கணும். அவ்வளவுதான். அவ முகத்துல அந்தச் சந்தோஷத்தை நான் பாக்கணும். பாவம் எல்லம்மா அவ, ஒரு சூதுவாது தெரியாது. எனக்காக எத்தனை நாளா மண்ணுல கெடந்து தேடுறா!"



எல்லம்மாள் கையைத் திறந்து பார்த்தாள். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, அங்கேயே குந்தி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கிறே?"

அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். வெற்றிலையையும் சில்லறையையும் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து, புது மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தாமரைப்பூ முகப்பு. பக்கத்தில் சின்னக் கோடு. கொஞ்சம் தேய்ந்த பழைய பவுன்.

ஜானகிராமன் இரண்டு மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ வுட்டெறிஞ்சத நான் பாத்துகினுதான் இருந்தேன், மறுநாளே இது எனக்குக் கெடச்சிட்சி சார், அம்மாகிட்டதான் குடுத்தேன், அம்மாதான் 'அவருக்கும் இன்னும் கை மேல ஏறல, எனக்கும் ஏறல, மோதிரம் கெடச்சிட்சின்னா ரெண்டு பேருல யாரு எல்லம்மா தெனம் பீச்சுக்கு வந்து கைய ஆட்டுவா, நீயே வெச்சிக்கோ'ன்னு திருப்பிக் குடுத்துட்சி!"